மூட்டைக்கு ஒரு காசு, வாரத்துக்கு ஒரு ரெஃபரல்

விருதுநகர்ப் பக்கத்துப் பருப்பு மண்டியின் பழைய ரசீது ஒன்றை எடுத்துப் பார்த்தால், சரக்கு விலை, சாக்கு, ஏற்றுக்கூலி, தரகு என்று வரிசையாக வந்து, கூட்டுத்தொகைக்கு முன்னால் ஒரு வரி நிற்கும்: மகமை. தொகை சொற்பம். ஊர்ப் பொதுக்காரியத்துக்காக மூட்டைக்கு இவ்வளவு என்று ஊர் வியாபாரிகள் கூடிப் பேசி வைத்தது. வாங்குகிறவர் அதைப் பற்றிக் கேட்பதில்லை, விற்கிறவரும் விளக்கம் சொல்வதில்லை. லாபமோ நஷ்டமோ, வியாபாரம் நடந்தால் மகமை உண்டு. மனசு இருக்கிறவர் கொடுப்பார், இல்லாதவர் கொடுக்க மாட்டார் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இன்று அதே ஊர்களிலும் மதுரையிலும் கோவையிலும் வாரம் ஒரு நாள் விடியற்காலையில் வியாபாரிகள் ஹோட்டல் ஹாலில் கூடுகிறார்கள். யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் வாங்கித் தந்தார் என்பதை ரூபாய்க் கணக்கோடு வாசிக்கிறார்கள். ஊருக்குச் செய்வது அந்தக் கணக்கில் வருவதில்லை. அது ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, பேனர் கட்டி, தனியாக நடக்கிறது. வியாபாரமும் ஊர்ப்பணியும் ஒரே ரசீதில் இருந்த காலம் போய், இரண்டுக்கும் இரண்டு கூட்டம் என்று ஆகிவிட்டது. இந்தப் பிரிவினையில் நஷ்டம் ஊருக்குத்தான் என்பது என் எண்ணம்.

சரக்கின் மேல் பொதுக்காரியத்துக்காக ஒரு பங்கு வைப்பது நம் பக்கத்தில் மிகப் பழைய பழக்கம். சிவகங்கை மாவட்டம் பிரான்மலைக் கோயிலில் 13-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் கூடி உப்பு, மிளகு, பாக்கு, பஞ்சு, இரும்பு என்று ஒவ்வொரு சரக்குக்கும் கோயிலுக்கு இவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 9-ம் நூற்றாண்டில், இன்றைய தாய்லாந்தில் உள்ள தக்குவா பா பகுதியில் வெட்டிய ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகர்களின் பாதுகாப்பில் விட்டதாகத் தமிழிலேயே கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கடல் தாண்டிப் போன இடத்திலும் குளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் வியாபாரிதான். வடநாட்டு மண்டிகளில் இதே பழக்கத்துக்கு தர்மாதா என்று பெயர். அப்படி வாடிக்கையாளரிடம் தர்மத்துக்கென்று வாங்கிய காசு வியாபாரியின் வருமானம் ஆகாது என்று எழுபதுகளின் இறுதியில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்னது.

ஆனால் மகமையை ஒரு முழு அமைப்பாகவே கட்டி எழுப்பியவர்கள் 19-ம் நூற்றாண்டு நாடார் வணிகர்கள். சிவகாசி, விருதுபட்டி என்று அன்று பெயர் வழங்கிய விருதுநகர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் அவர்கள் தொழில் பெருகியது. மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றி வருகிறவர்கள் இரவு தங்கவும், வண்டியும் மாடும் மூட்டையும் களவு போகாமல் இருக்கவும் மதில் வைத்துப் பேட்டைகள் கட்டினார்கள். பேட்டைக்கு வரும் சரக்கின் மேல் மகமை. அதை வசூலித்து, கணக்கு வைத்து, செலவு செய்யும் பொறுப்பு உறவின்முறை என்ற ஊர்ச் சாதிச் சங்கத்திடம்.

எதற்கு இத்தனை ஏற்பாடு? தேவை அப்படி. நாடார்கள் கோயிலுக்குள் நுழைய முடியாது, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது என்ற நிலை. 1899-ல் சிவகாசியில் நடந்த கலவரத்தில் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. மற்றவர் கிணற்றில் இடமில்லை என்றால் சொந்தக் கிணறு வெட்ட வேண்டும். மற்றவர் பள்ளியில் இடமில்லை என்றால் சொந்தப் பள்ளி கட்ட வேண்டும். அதற்குப் பெரிய ஜமீன்தார் எவரும் பணம் தரப்போவதில்லை. மூட்டைக்கு ஒரு காசு என்று சேர்த்தால்தான் உண்டு.

அப்படி எழுந்ததுதான் 1889-ல் விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை. மகமையோடு பிடி அரிசியும் அதைத் தாங்கியது. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும். பள்ளியிலிருந்து ஆள் வந்து அதைச் சேகரித்துக்கொண்டு போவார். அதை விற்ற பணம் பள்ளிக்கு. மகமை கடையில் ஆண்கள் கொடுத்தது, பிடி அரிசி அடுப்படியில் பெண்கள் கொடுத்தது. எனக்கு மகமையைவிடப் பிடி அரிசிதான் பெரிதாகத் தெரிகிறது. கடைக்காரர் மகமையை விலையில் சேர்த்துவிடலாம். அடுப்படியில் எடுக்கிற பிடி அந்த வீட்டுச் சோற்றிலிருந்தே போகிறது. ஆனால் உறவின்முறைப் பேரேட்டில் அந்தப் பெண்களின் பெயர் ஏறவில்லை.

அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையன் 1954-ல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் ஆனார். காமராசர் 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, செலவில் பெரும்பங்கை அரசும் மீதியை அந்தந்த ஊர்க்காரர்களும் ஏற்க வேண்டும் என்று வைத்தார். 1958 முதல் கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்களும் கடைக்காரர்களும் பெஞ்சு, கரும்பலகை, கட்டடம், நிலம் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். பிடி அரிசிப் பள்ளியில் படித்தவருக்கு அந்த வழி எங்கிருந்து கிடைத்தது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பணம் புரட்டுவதிலும் இதே கூட்டு வேலை செய்தது. 1910-ல் நாடார் மகாஜன சங்கம். அதன் மாநாட்டில் பேசி முடிவெடுத்து 1921-ல் தூத்துக்குடியில் ஒரு வங்கி. நாடார் வங்கி என்று தொடங்கி 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியதும் அதுதான். தொழிலில் ஒருவருக்கொருவர் கைகொடுப்பதும், ஊருக்குப் பள்ளி கட்டுவதும், வங்கி நடத்துவதும் ஒரே ஆட்கள், ஒரே கூட்டம், ஒரே பேரேடு.

இதைப் பொற்காலம் என்று சொல்ல நான் தயாரில்லை. அந்தக் கூட்டம் ஒரு சாதியின் கூட்டம். கட்டுப்பாட்டை மீறினால் அபராதம், விலக்கு எல்லாம் உண்டு. பள்ளிக் கதவு மற்றவர்களுக்கும் திறந்தே இருந்தது என்றாலும், முடிவெடுக்கும் திண்ணையில் உட்கார அந்தச் சாதியில் ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். இன்றைய காலைக் கூட்டங்கள் உடைத்திருப்பது அந்தத் திண்ணையைத்தான். அதை முதலில் ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

நடுவில் இன்னொரு கட்டம் இருக்கிறது. 1905 பிப்ரவரி 23-ல் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்கடைக்காரர் ஆகியோருடன் உட்கார்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். இன்று உலகம் முழுக்கச் சேவைச் சங்கமாக அறியப்படும் ரோட்டரி, தொடக்கத்தில் சேவைக்காக ஏற்பட்டதல்ல. ஒரு தொழிலுக்கு ஒருவர் மட்டும் உறுப்பினர். ஒருவர் வியாபாரத்தை மற்றவருக்குத் தருவது. யார் யாருக்கு எவ்வளவு தந்தார் என்று கணக்கெடுக்கவே ஒரு பொறுப்பாளர். 1906-ல் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வழக்கறிஞரை உறுப்பினராகச் சேரச் சொன்னபோது அவர் மறுத்தார். தன் உறுப்பினர்களுக்கு மட்டும் நன்மை பார்க்கும் சங்கம் நெடுநாள் நிற்காது, ஊருக்கும் ஏதாவது செய்தால் வருகிறேன் என்றார். அந்தப் பேச்சு பால் ஹாரிஸ் மனதில் தைத்தது. 1907-ல் ரோட்டரி எடுத்த முதல் ஊர்ப்பணி, சிகாகோவில் பொதுக் கழிப்பறை கட்ட வைக்கும் முயற்சி.

லயன்ஸ் சங்கத்தின் கதையும் இதன் அண்ணன் தம்பி. சிகாகோவின் ஒரு வியாபார வட்டத்தில் செயலாளராக இருந்த மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டு முகவர் 1917-ல் தொடங்கியது அது. அந்த ஆண்டு டல்லாஸ் மாநாட்டிலேயே, உறுப்பினர்களின் பண ஆதாயத்தை எந்தச் சங்கமும் தன் நோக்கமாக வைக்கக்கூடாது என்று விதி எழுதினார்கள். கூட்டத்தை வைத்துக்கொண்டு வியாபாரத்தை வெளியே அனுப்பிய விதி அது.

சென்னைக்கு ரோட்டரி 1929-ல் வந்தது. பிறகு மெல்ல மெல்லத் தாலுகா தலைநகர்கள் வரை இரண்டு சங்கங்களும் பரவின. மில் முதலாளி, டாக்டர், கல்லூரி முதல்வர், வங்கி மேலாளர், பெரிய ஜவுளிக்கடைக்காரர் என்று ஊரின் முக்கியஸ்தர்கள் உறுப்பினர். அங்கே வியாபாரம் பேசுவது அநாகரிகம் என்று கருதினார்கள். நட்பால் வியாபாரம் நடந்திருக்கும், ஆனால் மேடையில் அதைச் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் காலத்துச் சங்கங்கள் செய்த வேலைகளில் கண் சிகிச்சை முகாமுக்கு ஈடாக நான் எதையும் வைக்க மாட்டேன். மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, முகாம் நடத்தும் பொறுப்பை உள்ளூர்ச் சங்கங்களோடு பங்கிட்டுக்கொண்டது. பரிசோதனையும் அறுவைச் சிகிச்சையும் மருத்துவமனை பொறுப்பு. இடம், விளம்பரம், சாப்பாடு, ஆள் சேர்ப்பு சங்கத்தின் பொறுப்பு. முந்தின நாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராகச் சொல்லிப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அரசுப் பள்ளி வகுப்பறைகளில் பெஞ்சுகளைத் தள்ளிப்போட்டு வரிசை கட்டுவார்கள். பெயர் எழுதும் மேசையில் உட்கார்ந்திருப்பவர் அந்த ஊர் உரக்கடை முதலாளியாக இருப்பார். வரிசையில் நிற்கும் கிழவியை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும். “என்ன ஆத்தா, மகன் கூட வரலையா?” என்று கேட்டுக்கொண்டே விலாசம் எழுதுவார். புரை முற்றியவர்களைப் பஸ்ஸில் ஏற்றி மதுரைக்கு அனுப்பி, சிகிச்சை முடிந்து அதே பஸ்ஸில் திரும்பிக் கொண்டுவந்து விடுவார்கள்.

இதில் வியாபாரிக்கு மட்டும் முடிகிற ஒரு காரியம் இருக்கிறது. யார் வீட்டில் கண் தெரியாத பெரியவர் இருக்கிறார், யார் கூலி போய்விடும் என்று வரத் தயங்குவார், எந்த ஊருக்கு எந்தப் பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு மனப்பாடம். டாக்டர் கத்தியோடு வந்தால் மட்டும் போதாது, இந்த அறிவும் வேண்டும். ஊர்ப்பணியில் வியாபாரி தரக்கூடிய பெரிய சொத்து அவர் பணப்பெட்டியில் இல்லை, அவருடைய பழக்கத்தில் இருக்கிறது.

1985-ல் இரண்டு காரியம் நடந்தது. ரோட்டரி உலகம் முழுக்க இளம்பிள்ளைவாதத்தை ஒழிக்கும் பெரிய திட்டத்தை எடுத்துக்கொண்டது. இந்தியாவில் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டதோடு இங்கே அந்த வேலை வெற்றி பெற்றது. அதே 1985-ல் கலிபோர்னியாவில் ஐவன் மிஸ்னர் என்பவர் பி.என்.ஐ. என்ற வணிகத் தொடர்பு அமைப்பைத் தொடங்கினார். ஒரு தொழிலுக்கு ஒருவர், ஒருவர் வியாபாரத்தை மற்றவருக்குத் தருவது, அதைக் கணக்கெடுப்பது. 1905-ல் ரோட்டரி கையில் வைத்திருந்து பிறகு விட்டுவிட்ட அதே மூன்றும் எண்பது ஆண்டுக்குப் பிறகு இன்னொரு வீட்டில் குடியேறின.

அந்த முறையில் இங்கே நடக்கும் காலைக் கூட்டத்தை ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். விடியற்காலை ஹோட்டல் வாசலிலேயே பெயர்ப் பட்டை குத்தி, கைகுலுக்கி உள்ளே விடுவார்கள். ஏழு மணி என்றால் ஏழு மணி. தமிழ்நாட்டில் இவ்வளவு சரியாகத் தொடங்கும் கூட்டம் வேறெதுவும் இல்லை என்றே சொல்லலாம். ஒவ்வொருவராக எழுந்து ஒரு நிமிடத்துக்குள் தன் தொழிலைச் சொல்ல வேண்டும். மாடுலர் கிச்சன் செய்பவர், ஆடிட்டர், சோலார் பேனல் போடுபவர், கல்யாண கேட்டரிங், பல் டாக்டர், போர்வெல். “புது வீடு கட்டி கிரகப்பிரவேசத் தேதி குறித்தவர்கள் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்” என்று அவரவர் எந்த வாடிக்கையாளர் வேண்டும் என்பதைத் துல்லியமாகக் கேட்கிறார்கள். பிறகு ரெஃபரல் வாசிப்பு. போன வாரம் நீங்கள் அனுப்பியவர் மூலம் இவ்வளவு ரூபாய்க்கு வேலை முடிந்தது, நன்றி என்று பெயர் சொல்லி, தொகை சொல்லி, கைதட்டல். பிறகு பொங்கல், வடை, காபி.

மேசையில் யார் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். அப்பா பெயரோ தெருப் பெயரோ கேட்டு யாரும் நாற்காலி போடவில்லை. முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் பலர் உண்டு. பெண்கள் எழுந்து தம் தொழிலைத் தாமே சொல்கிறார்கள். ரோட்டரியே பெண்களை உறுப்பினராக ஏற்க 1980-களின் இறுதி ஆனது என்பதை நினைத்துப் பார்த்தால் இது எத்தனை பெரிய மாற்றம் என்று தெரியும். மாமா, சித்தப்பா கடை இல்லாத ஒரு பெண்ணுக்கு இந்த ஊரில் வியாபாரத் தொடர்பு எங்கே கிடைத்திருக்கும்? அதனால்தான், சாதிப் பெயரிலேயே தனித்தனி வணிகக் கூட்டமைப்புகளும் இப்போது முளைத்து வருவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அன்று விலக்கி வைக்கப்பட்டவர்களுக்கு வேறு வழியில்லை. இன்று அந்தக் காரணம் இல்லாமல் அதே வேலியைத் திரும்பப் போடுவது பின்னோக்கிப் போவது.

ஊர்ப்பணிக்கு வருவோம். காலைக் கூட்டத்தவர்களும் செய்கிறார்கள்தான். ரத்ததான முகாம், மரக்கன்று நடுதல், முதியோர் இல்லத்தில் அன்னதானம், அரசுப் பள்ளிக்கு நோட்டுப் புத்தகம். எல்லாம் ஒரு நாள் வேலை. ஒரே மாதிரி டி-ஷர்ட், பேனர், போட்டோ, ஸ்டேட்டஸ். ரத்ததானத்தில் குறை சொல்ல மாட்டேன், ஒரு நாளில் முடிகிற புண்ணியம் அது. மரக்கன்று அப்படியல்ல. ஜூன் 5-ல் நட்ட கன்றுக்கு அடுத்த மே மாதம் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அந்த மே மாதத்தில் அந்தச் சங்கத்துக்கு வேறு தலைவர், வேறு திட்டம்.

இவர்களிடம் மனமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2021 மே மாதத்தில் ஆக்சிஜனுக்கு ஊரே அலைந்தபோது ரெஃபரல் கேட்டுப் பழகிய அதே வாட்ஸ்அப் குழுக்கள் சிலிண்டர் எங்கே, வண்டி யாரிடம், சாப்பாடு யார் என்று இரவெல்லாம் ஓடின. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டி தூத்துக்குடி மாவட்டமே மூழ்கியபோதும் அரிசி, பாய், தண்ணீர் கேன் ஏற்றி லாரிகளை அனுப்பியவர்களில் வியாபாரிகள் ஏராளம். ஆபத்து வந்தால் ஓடி வருகிறார்கள். ஆபத்தில்லாத சாதாரண நாளுக்குத்தான் ஏற்பாடு இல்லை. பேட்டைக்காரர்கள் மகமை வைத்தது அந்தச் சாதாரண நாளுக்காக.

“அதுதான் வரி கட்டுகிறோமே, அரசாங்கம் செய்யட்டும்” என்று சிலர் சொல்வதுண்டு. அதில் பாதி நியாயம். பள்ளியும் கிணறும் இன்று அரசின் கடமை, அதை விட்டுத்தர வேண்டியதில்லை. 2013 கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களுக்குச் சமூகப் பொறுப்புச் செலவைக் கட்டாயமாக்கியது: மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம். ஆனால் நிகர லாபம் 5 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி இருந்தால்தான் அந்தச் சட்டம் பேசும். பருப்பு மண்டியும் பல் டாக்டரும் அதற்குள் வரமாட்டார்கள். மகமைக்குள் எல்லோரும் இருந்தார்கள், அரைவண்டிச் சரக்கு கொண்டுவந்தவர் உட்பட.

இந்தக் காலத்திலேயே தொடர்ச்சியாகச் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். வறட்சியில் கோவை தவித்த 2003-ல் அந்நகரத் தொழில் நிறுவனங்கள் கைகோத்துத் தொடங்கிய சிறுதுளி அமைப்பு நொய்யல் குளங்களைத் தூர்வாருவதில் இறங்கி இருபது ஆண்டுக்கு மேல் அதே வேலையில் நிற்கிறது. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்பவர்கள் 2015-ல் தொடங்கிய வனத்துக்குள் திருப்பூர் திட்டத்தில் ஆண்டுதோறும் மரம் வைக்கிறார்கள், அதுவும் லட்சக்கணக்கில். ஒரே ஆண்டில் முடியாத வேலையை எடுத்துக்கொண்டதுதான் இரண்டுக்கும் பொது. தலைவர் மாறினாலும் குளம் மாறவில்லை.

ஆகவே, காலைக் கூட்டத்துக்குப் போகும் நண்பர்களே, அக்காமார்களே, ஒரு வேண்டுகோள். ரூபாய் கணக்கு வாசிக்கும் பழக்கம் உங்களிடம் இருக்கிறது. அதில் ஒரு வரி சேருங்கள். ரெஃபரலால் முடிந்த வியாபாரத்தில் ஆயிரத்துக்கு ஒரு ரூபாய். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் வியாபாரம் கைமாறும் கூட்டத்தில் அது 50,000 ரூபாய். பெரிய தொகை இல்லை, யாருக்கும் வலிக்காது, ஆனால் அடுத்த ஆண்டும் வரும். அதை வைத்து ஒரே ஒரு அரசுப் பள்ளியின் கழிப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கட்ட வேண்டாம். கட்டித் தந்து பெயர்ப்பலகை வைக்கப் பலர் வருவார்கள். நின்றுபோன மோட்டாரைச் சரிசெய்ய, உடைந்த தாழ்ப்பாளை மாற்ற, சுத்தம் செய்பவருக்கு மாதாமாதம் சம்பளத்தோடு கொஞ்சம் சேர்த்துத் தரத்தான் யாரும் வருவதில்லை. ஒழுங்கான கழிப்பறை இல்லாததால் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் உங்கள் ஊர்ப் பள்ளியிலும் இருக்கிறார்கள். உங்களில் பிளம்பர் இருக்கிறார், எலக்ட்ரீஷியன் இருக்கிறார், மோட்டார் கடைக்காரர் இருக்கிறார், கணக்குப் பார்க்க ஆடிட்டர் இருக்கிறார். பத்து ஆண்டுக்கு அந்த ஒரு பள்ளி உங்கள் பொறுப்பு என்று அடுத்த வாரக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள்.